துணைக்கு வந்தவள்

எங்கள் வானொலி நிலையத்தில் புதிய கன்ட்ரோல் ரூம் திறந்தபோது ஓய்வு பெற்ற எங்களையும் அழைத்திருந்தார்கள். பெரிய கணினித் திரை, அதற்கு முன்னால் சுழல் நாற்காலி. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் நாங்கள் விரலால் தள்ளிக்கொண்டிருந்த ஃபேடர்கள் ஒரு ஓரத்தில் பேருக்கு இருந்தன. மாலை நிகழ்ச்சிகளில் பாதி வேறு ஊரிலிருந்து வருகிறது, மீதி முன்பே பதிவு செய்து அடுக்கி வைத்தது என்றார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நாங்கள் ஓடிய ஓட்டத்துக்கு இப்போது சேர்ந்திருக்கிற பெண்களாவது உட்கார்ந்து வேலை பார்க்கட்டும்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "மேடம், உங்க சர்வீஸ்லயே கஷ்டமான ஷிஃப்ட் எதுங்க?"

மின்னல் விழுந்த கதையை அவள் எதிர்பார்த்திருப்பாள். மின்னல் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வரிசையாகச் செய்தால் வேலை முடிந்துவிடும். நான் சொல்லப்போகிற நாளில் எல்லாக் கருவிகளும் ஒழுங்காக வேலை செய்தன. காபி ஆறும்வரை அவளிடம் கொஞ்சம் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

பெண்கள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளமோ, கணபதி பகுதியில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் கொஞ்ச நாள் சால்டரிங், அப்புறம் தேர்வு, பயிற்சி, வேலை. என் படிப்புக் காலம் இந்த ஒரு வரிதான். எண்பதுகளின் நடுவில், கல்யாணத்துக்கு முன்னால், பெண்கள் விடுதியில் தங்கி இந்த நிலையத்தில் சேர்ந்தேன். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மனம் அடங்கும். ஷிஃப்டுக்கு வந்ததும் செருப்பை வெளியே விடுவேன். சுவர்க் கடிகாரத்தோடு என் கைக்கடிகாரத்தை ஒப்பிடுவேன். ஊருக்கு வெளியே டிரான்ஸ்மிட்டரில் இருப்பவரை லைனில் கூப்பிட்டு, "கேக்குதுங்களா?" என்பேன். டேப் மெஷின்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பேன். கடைசியாக ஒவ்வொரு மைக்கிலும் ஒரு ஆளைப் பேசச் சொல்லி, மீட்டரில் முள் எழுகிறதா என்று பார்ப்பேன். நேயர் என்றால் அப்போது எனக்கு அந்த முள்தான். அது துள்ளினால் யாரோ கேட்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்று நான் யோசித்ததில்லை.

எங்களுக்கு மேலே ட்யூட்டி ஆபீசர் வேணு சார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், ஆனால் கோயமுத்தூர்க்காரரைவிடக் கோயமுத்தூர்க்காரர். எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு 'ங்க' போடுவோம். அவர் கோபத்துக்கும் அதையே போடுவார். கோபம் ஏற ஏற 'ங்க' கூடும். ஒருநாள் டேப் மாற்றும்போது தடுமாறி நான் சில விநாடி மௌனத்தை விட்டுவிட்டேன். வந்து நின்றார்.

"ஏனுங்க, ஊருக்குள்ள எல்லாரும் ரேடியோவத் தட்டிப் பாத்திருப்பாங்களேங்க. நாலு பேரு பேட்டரி வாங்கக் கடைக்கே போயிருப்பாங்களேங்க. பாவம் இல்லீங்களா அவீங்கெல்லாம்?"

அதற்கு அவர் கத்தியிருக்கலாம்.

சட்டைப் பையில் இரண்டு பென்சில் வைத்திருப்பார். நிகழ்ச்சிகளின் வரிசைத் தாளில் வெட்டுவதற்குச் சிவப்பு, சேர்ப்பதற்கு நீலம். சிவப்பு எப்போதும் விரல் கணு அளவுக்குத் தேய்ந்திருக்கும். நீலம் வாங்கின மேனிக்கு இருக்கும். ஒருமுறை பெரிய மில் முதலாளி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். பேரனுக்குக் காதுகுத்து, மாலை நிகழ்ச்சியில் ஒரு வாழ்த்துச் சொல்ல வேண்டுமாம். வேணு சார் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, வாசல்வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார். வாழ்த்து மட்டும் போகவில்லை. காரில் ஏறிய பிறகுதான் அது அந்த முதலாளிக்கே உறைத்திருக்கும்.

"நமக்கு ரெண்டே ரெண்டு விஷயந்தானுங்க," என்பார். "பொய் போகக் கூடாது. சொந்த சமாச்சாரம் போகக் கூடாது. மத்ததெல்லாம் பேசித் தீர்த்துக்கலாம்."

அந்த நாளுக்கு வருகிறேன். மத்தியானத்துக்கு மேல் ஊரில் பஸ்கள் நின்றுபோயின. எங்கோ ஒரு டிரைவரை யாரோ அடித்துவிட்டார்களாம். உக்கடத்தைத் தாண்டி பொள்ளாச்சி ரோட்டில் கல் விழுகிறது, கார், ஸ்கூட்டரைக்கூடத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று செய்தி அறையில் சொன்னார்கள். சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் டீ குடிக்க வெளியே வந்தேன். வாசலில் காவலரோடு ஒரு சிறுமி வாதாடிக்கொண்டிருந்தாள். பத்து வயது இருக்கும், கையில் ஒயர் கூடை. அவளுக்குப் பின்னால் தாவணி போட்ட பெண் ஒருத்தி, நெஞ்சோடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றாள்.

"தாமரையக்காவப் பாக்கோணும்ங்க."

"அப்படி ஒருத்தரும் இங்க வேலை பாக்கலையே கண்ணு," என்றார் காவலர்.

"நேத்துக்கூட எங்கூட்டுல பேசுனாங்களே! நீங்க ரேடியோ கேக்கறதே இல்லீங்களா?"

தாமரையக்கா என்பது எங்கள் மாலை வேளாண் நிகழ்ச்சியை நடத்துகிறவரின் வானொலிப் பெயர். சொந்தப் பெயர் எஸ்தர். நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில் கணவரோடு இருந்தார். காவலருக்கு எஸ்தர் மேடத்தைத் தெரியும், தாமரையக்காவைத் தெரியாது. நான் இருவரையும் உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன்.

பெரியவள் துளசிமணி, பதினேழு வயது. சின்னவள் ஜோதி. பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பாலிடெக்னிக்கில் சேர நேர்காணலுக்கு வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அன்றைக்குப் பார்த்து கிணற்று மோட்டார் இறக்கும் வேலை. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது. அதனால் பத்து வயதுக்காரியைத் துணைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இது நடக்கிறதுதான். துணை என்றால் ஒரு ஆள் கூட இருக்க வேண்டும், ஆளுக்கு எத்தனை வயது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஜோதி அதை உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அக்காவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்துவிட்டு இவள் வெளிப்பக்கம் உட்கார்ந்தாளாம்.

நேர்காணல் இழுத்துவிட்டது. வெளியே வந்தால் பஸ் இல்லை. கணபதியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற மாமா ஒருவர் வீட்டை விசாரித்து நடந்தே போயிருக்கிறார்கள். பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு பழனிக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

"அப்பறம் இவ சொன்னாளுங்க," என்று துளசிமணி மெல்லச் சொன்னாள். "நமக்குக் கோயமுத்தூர்ல இன்னொருத்தரத் தெரியுமே, தாமரையக்கா இருக்காங்களேன்னு. எனக்கும் வேற ஒண்ணும் தோணலீங்க. வழி கேட்டுக் கேட்டு வந்துபோட்டோம்."

அதைச் சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஜோதிக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தெரிந்தவர் வீட்டுக்கு வந்த மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கேன்டீனிலிருந்து உப்புமா வாங்கி வந்தேன். ஜோதி சாப்பிட்டாள். துளசிமணி தட்டைத் தொடவில்லை. "ஊட்டுக்குத் தெரியாம எனக்கு எறங்காதுங்க," என்றாள்.

வேணு சார் வந்தார். ஜோதியைப் பார்த்து, "உக்காருங்க அம்மணி, எந்திரிக்க வேண்டாம்ங்க," என்றார். ஒரு பெரிய மனிதர் அவளுக்கு 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு துளசிமணியைக் கேட்டார்.

"ஊர்ல போன் இருக்குதுங்களா?"

"பெரியப்பா ஊட்டுல மட்டும் இருக்குதுங்க."

"நம்பர் சொல்லுங்க, போட்றலாம்."

அவள் ஃபைலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அந்த ஊட்டுக்கு மட்டும் வேண்டாம்ங்க சார்."

"ஏனுங்க?"

"பெரியப்பா படிப்பே வேண்டாம்னு சொன்னாருங்க. எனக்கு மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்காரு. 'பொட்டப்புள்ளயக் கோயமுத்தூருக்கு அனுப்பிப்போட்டு, அப்பறம் ரோடு ரோடாத் தேடிக்கிட்டுத் திரிவே'ன்னு எங்கப்பாவ எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டாரு. அப்பா ஒண்ணும் பேசாம என்னைய அனுப்பி வெச்சாருங்க. இன்னைக்கு அவரு ஊட்டுக்கே போன் போச்சுன்னா, அவரு சொன்னது பலிச்ச மாதிரி ஆயிரும். ராத்திரி ஊடு வரலைன்னு ஊரே பேசும். அப்பறம் அப்பா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு என்னைய அனுப்புவாரு? நானும் எப்படிங்க கேக்கறது?"

"சீட்டு கெடச்சுதுங்களா?"

"கெடச்சுதுங்க." அப்போதும் அவள் சிரிக்கவில்லை. "எலெக்ட்ரானிக்ஸ்."

நான் படித்த அதே படிப்பு. வேணு சார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் அவரைத் தனியே அழைத்து, நிகழ்ச்சிக்கு நடுவில் அறிவிப்பாகச் சொல்லிவிடலாமே என்றேன்.

"போலீஸ் எழுதிக் குடுத்தாத்தானுங்க அப்படிச் சொல்ல முடியும். சொன்னா பேரு, ஊரு, வயசு எல்லாம் சொல்லோணும். போன் போட்டா ஒரு ஊருக்குத் தெரியும். இது மூணு ஜில்லாவுக்குத் தெரியும்ங்க. அந்தப் பொண்ணு எதுக்குப் பயப்படுதோ அத நாமளே மைக் வெச்சுச் சொன்ன மாதிரி." பிறகு, "ஆனா பெத்தவங்களுக்குத் தெரிஞ்சாகோணும்ங்க. அதுல விட்டுக் குடுக்க முடியாது. வேற வழி இல்லைன்னா பெரியப்பா ஊட்டுக்குத்தான் போன்," என்றார்.

அதற்குள் எஸ்தர் மேடம் நிகழ்ச்சிக்காக வந்திருந்தார். ஜோதி அவர் குரலைக் கேட்டதும் கூடையைப் போட்டுவிட்டு எழுந்தாள். முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். "குண்டா இருப்பீங்கன்னு நெனச்சனுங்க," என்றாள். எஸ்தர் மேடம் சிரித்து, அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கேட்டார். "எம்பட நிகழ்ச்சி தினமும் கேப்பியா கண்ணு?"

"நாங்க கேக்கறோமோ இல்லையோ, செவலை கேக்கும்ங்க."

"அதாரு செவலை?"

"எங்க மாடுங்க. அதுக்கு ரேடியோ பாடோணும். இல்லைன்னா அம்மாவ ஒதைக்கும், பாலும் உடாது. எங்கூருக்குப் பால் வண்டி கடைசியாத்தான் வரும். அதனால நீங்க பேசற நேரத்துலதான் அம்மா கறக்கும். கொட்டாய்க் கம்பத்துல ரேடியோவ மாட்டி உட்ருவோம்."

"இன்னைக்கும் போடுவாங்களா, நீங்க ஊட்டுல இல்லாதப்ப?"

ஜோதி அந்தக் கேள்வியையே வினோதமாகப் பார்த்தாள். "நாங்க இல்லைன்னு மாடு சும்மா இருக்குமுங்களா?"

தள்ளிப் போயிருந்த வேணு சார் திரும்பி வந்தார். "அத இன்னொருக்காச் சொல்லுங்க அம்மணி."

அவள் இன்னொருக்கா சொன்னாள். அவர் மேஜையில் கிடந்த அன்றைய வரிசைத் தாளை எடுத்தார். அன்றைக்கு அடி உரம் பற்றி ஒரு பதிவு செய்த உரை இருந்தது, அதற்கு அடுத்து கறவை மாடு பராமரிப்பு.

"விவசாயி ஊட்டுப் புள்ள தன்ற மாட்டப் பத்திப் பேசறது நம்ம நிகழ்ச்சிக்குப் பொருந்துமுங்களா?" என்று எஸ்தர் மேடத்தைக் கேட்டார்.

"பொருந்தும் சார்."

"இதுல பொய் இருக்குதுங்களா?" இது எனக்கு.

"இல்லீங்க சார்."

"பேட்டி எடுக்கறவங்க, எங்கிருந்து வந்திருக்கே, யாரோட வந்திருக்கே, எங்க தங்கியிருக்கேன்னு கேக்கறது வழக்கந்தானுங்களே?"

"வழக்கந்தான்," என்றார் எஸ்தர் மேடம். "ராத்திரிக்கு ரெண்டு பேரும் எங்க வீட்டுலதான். அதுல என்ன கேள்வி."

"எங்கிருந்துங்கறத மட்டும் உட்ருங்க. பேரும் வேண்டாம்."

சிவப்புப் பென்சிலால் அடி உரத்தைப் பாதியாக வெட்டினார். "உரத்த நாளைக்குக் கேட்டுக்கலாம்ங்க, பயிர் எங்கயும் ஓடிப் போகாது." பிறகு நீலத்தை எடுத்து, புதிதாகச் சீவி, சின்ன எழுத்தில் கேள்விகளை எழுதினார். மைக் முன்னால் யார் பேசினாலும் குரல் தேர்வு வேண்டும் என்பது விதி. அதையும் விடவில்லை. ஜோதியை ஸ்டுடியோவில் நிற்க வைத்துச் சில வரிகள் பேசச் சொல்லி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டு, தாளில் கையெழுத்துப் போட்டார். அக்கம்பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் போன் செய்து, இரண்டு பெண் பிள்ளைகள் எங்களிடம் பத்திரமாக இருக்கிறார்கள், ஊருக்கு ஜீப் அனுப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்தார்.

"காலையில ஆரும் வரலைன்னா?" என்று நான் கேட்டேன்.

"ரோடு தொறந்ததும் எஸ்தரம்மா ஊட்டுக்காரரு ஸ்கூட்டர்ல போயிட்டு வாரேன்னிருக்காருங்க. ஆனா வருவாங்க." என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

குரல் தேர்வுக்கு முன்னால், பேசப் போவது துளசிமணியா என்று ஒரு பேச்சு வந்தது. அவளால் முடியாது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. "நான்தானே துணைக்கு வந்தேன்," என்றாள் ஜோதி. "நான் பேசறேன்."

நேரம் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஸ்தர் மேடம், அவருக்கு எதிரே இரண்டு தலையணை போட்டு உயர்த்திய நாற்காலியில் ஜோதி. இந்தப் பக்கம் நான், எனக்குப் பின்னால் வேணு சார், பக்கத்தில் துளசிமணி. அறிமுக இசை, தேங்காய், கொப்பரை விலை நிலவரம், அரைவாசி அடி உரம். பிறகு சிவப்பு விளக்கு. நான் ஃபேடரைத் தள்ளினேன்.

"நம்ம நிலையத்துக்கு இன்னைக்கு ஒரு சின்ன விருந்தாளி வந்திருக்காங்க," என்றார் எஸ்தர் மேடம். "உங்க வீட்டுல என்ன மாடு கண்ணு?"

"செவலைங்க."

முள் துள்ளி எழுந்தது. பழக்கமில்லாத குரல் முதலில் இடிக்கும். நான் கொஞ்சம் இறக்கினேன். துளசிமணி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அந்த முள்ளு... அது அவளுங்களா?" என்று மூச்சுக்குள் கேட்டாள். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவள் தங்கையைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோதி நன்றாகவே பேசினாள். செவலைக்குச் சத்தமான பாட்டு பிடிக்காது, பேச்சுதான் பிடிக்கும் என்றாள். விலை நிலவரம் சொல்லும்போது காதை மடக்கிக்கொண்டு கேட்கும் என்றாள். எஸ்தர் மேடம் வரிசையாகக் கேட்டார்.

"யாரோட வந்திருக்கே?"

"அக்காவோடங்க. நான்தான் துணை."

"ராத்திரி எங்க தங்கப் போறே?"

"தாமரையக்கா ஊட்டுலங்க. நாளைக்குப் பஸ்சு உட்டதும் ஊருக்கு."

நீலப் பென்சில் கேள்விகள் அதோடு முடிந்தன. எஸ்தர் மேடம் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஜோதி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டாள்.

"அம்மோவ்!"

முள் சிவப்பைத் தாண்டிப் போய் அடித்தது. சொந்த சமாச்சாரம். வெட்ட வேண்டியது என் வேலை. கை ஃபேடரில்தான் இருந்தது. விரலை இழுத்தால் போதும். நான் திரும்பி வேணு சாரைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தை ஏதோ பழுது பார்க்கிறவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் விரலை எடுத்துவிட்டேன்.

"அம்மோவ், நான் சாப்பிட்டுட்டேன். அக்காதான் சாப்பிட மாட்டேங்கறா. நீயே கேளு."

எஸ்தர் மேடம் ஒரு மூச்சு விட்டு, அடுத்து கறவை மாடு பராமரிப்பு என்று சொன்னார். நான் டேப்பை ஓடவிட்டேன். மௌனம் விழவில்லை.

என் வேலையில் ஒரு குறை உண்டு. நாங்கள் சொல்வது போகும், திரும்பி ஒன்றும் வராது. அன்று இரவு எஸ்தர் மேடம் வீட்டில் ஜோதி படுத்ததும் தூங்கிவிட்டாளாம். துளசிமணி ஒரு டம்ளர் பாலோடு சரி. நான் விடுதிக்குப் போய்ப் படுத்தேன். என்னென்ன தவறியிருக்கலாம் என்று மனதுக்குள் வரிசை போட்டேன். அந்த ஊரில் கரண்டு போயிருக்கலாம். ரேடியோவில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெண் பிள்ளைகளைக் காணோம் என்று அம்மா ரோட்டுக்கே வந்து நின்றிருக்கலாம். மாடு அன்றைக்கு மட்டும் கறக்காமல் கிடந்திருக்கலாம். வரிசை போட்டால் அடங்குகிற மனம் அன்றைக்கு அடங்கவில்லை.

காலையில் எனக்கு ஷிஃப்ட் இல்லை. இருந்தும் போனேன். வேணு சாருக்கும் இல்லை. அவரும் வாசலில் நின்றிருந்தார். 

தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. முன்னாலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் இறங்கினார். கையில் ஒரு தூக்குப்போசி, தூக்குச்சட்டிக்கு எங்கள் பக்கத்துப் பேர். காவலர் கேட்பதற்கு முன்பே, "தாமரையக்கா ஊடு எதுங்க?" என்றார். இந்தத் தடவை காவலர், "வாங்க வாங்க," என்று அவரே கூட்டிக்கொண்டு வந்தார்.

துளசிமணி எஸ்தர் மேடம் வீட்டிலிருந்து ஓடி வந்து, பாதி வழியில் நின்றுவிட்டாள். அப்பா என்ன சொல்வாரோ என்று தெரியாமல் நின்றாள். அவர் அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். தூக்குப்போசியை நீட்டினார்.

"உங்கம்மா குடுத்து உட்டா. நீ சாப்பிடலையாமா."

அவள் அங்கேயே, படியில் உட்கார்ந்து, போசியைத் திறந்தாள். அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். சூடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே அழுதாள்.

வேணு சார் கைகூப்பினார். "நேத்து நம்ம நிலையம் அங்க தெளிவா எடுத்துச்சுங்களா? கொரகொரப்பு ஒண்ணும் இல்லீங்களே?"

"தெளிவா எடுத்துச்சுங்க." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் ரோட்டுல நின்னுட்டிருந்தேன். ஊட்டுக்காரி கறந்துட்டிருந்திருக்கா. அம்மோவ்னு கேட்டதும் எந்திரிச்சுப்போட்டாளாமா. மாடு போசிய ஒதைச்சு, பாலெல்லாம் மண்ணுல போச்சுங்க. அவ அதப் பாக்கவே இல்ல, ரோட்டுக்கு ஓடியாந்து என்னையக் கூப்பிடறா."

"உங்க அண்ணன்..." என்று நான் இழுத்தேன்.

அவர் முதல் முறையாகச் சிரித்தார். "அண்ணன் ராத்திரியே ஊட்டுக்கு வந்துட்டாருங்க, சண்டைக்கு. 'ஏண்டா, புள்ளைங்க ரேடியோவுல பேசப் போறத முன்னாலயே எனக்குச் சொல்றதுக்கு என்ன? பாதியிலதான் கேட்டேன், மானம் போச்சு'ங்கறாரு. விடியங்காட்டியும் டீக்கடையில எல்லாருக்கும் அவருதான் சொல்லிட்டிருந்தாரு. எந்தம்பி புள்ளைங்கன்னு."

துளசிமணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். ஃபைல் அவள் மடியில் இருந்தது. அவர் அதைப் பார்த்துக் கேட்டார். "நான் எங்க கையெழுத்துப் போடோணும் கண்ணு?"

வேணு சார் சட்டைப் பையில் கை விட்டார், இரண்டும் பென்சில். என் பேனாவைக் கொடுத்தேன்.

கிளம்பும்போது எஸ்தர் மேடம் போசியைக் கழுவிக் கொண்டுவந்தார். வேணு சார் அதைக் கையில் வாங்கி, "காலிப் போசியாக் குடுக்கக் கூடாதுங்களே," என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய், பேக்கரியில் வர்க்கி வாங்கி நிரப்பிக் கொடுத்தார். ரோட்டைக் கடக்கும்போது ஜோதி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, அப்பாவையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டுத்தான் கூட்டிப் போனாள்.

துளசிமணி பாலிடெக்னிக்கில் சேர்ந்து விடுதியில் தங்கினாள். ஊருக்குப் போய்த் திரும்புகிற திங்கட்கிழமைகளில் நிலையத்துக்கு வருவாள், அம்மா எனக்குக் கொடுத்துவிட்ட அரிசிம்பருப்புத் தூக்குப்போசியோடு. போகும்போது நான் அதில் ஏதாவது போட்டு அனுப்புவேன். சில நாள் முறுக்கு, சில நாள் எலுமிச்சம்பழம், ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரை. அவள் படித்த மூன்று வருடமும் அந்தப் போசி எந்தப் பக்கமும் காலியாகப் போகவில்லை. சர்க்யூட் வரையும்போது எங்கே தப்பு செய்கிறாள் என்று பார்த்துச் சொல்வேன். அவள் தன் சந்தேகங்களைக் கேட்டு முடித்ததும், "அம்மா உங்களக் கேட்டுச்சுங்க," என்பாள்.

அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அவர் கோயமுத்தூருக்கு வரவில்லை, நான் அந்த ஊருக்குப் போகவில்லை. இப்படித்தான் ஒரு திங்கட்கிழமை, துளசிமணியிடம் விளையாட்டாகச் சொன்னேன், அரிசிம்பருப்புக்கு எனக்கு உப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்று.

அடுத்த திங்கட்கிழமை போசியைத் திறந்து ஒரு வாய் வைத்தேன். உப்பு குறைந்திருந்தது.